மேனேஜரின் வால்

மாமனார் விட்டுப்போன வீட்டில் மாப்பிள்ளைக்கு எல்லாமே பிடித்திருந்தது, பின்பக்கத்துக் குளத்தைத் தவிர.

வாடகை கிடையாது. மாடியில் ஓர் அறை முழுக்க அவனுக்கே. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்க்கலாம். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், காற்றோடு பாசி வாடையும் வரும். இலவசமாக வருவதில் குறை சொல்லக் கூடாது என்பது அவன் கொள்கை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அந்தத் தெருவில் 'மாப்பிள்ளை' என்பதைத் தவிர அவனுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை. அதற்கும் அவன் குறை சொன்னதில்லை.

அவர்கள் பெட்டிகளோடு வந்து இறங்கியது ஒரு மத்தியான வெயிலில். மாமனார் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. மனைவியிடம் சாவியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் போனாள். ஒரே மகள். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். அப்பாவும் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சிரித்ததை அவன் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டே அவனும் பின்னால் போனான்.

பெரிய குளம் ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு கார் நிறுத்தலாம், அவ்வளவுதான். மூன்று பக்கம் புல் மண்டிய கரை, ஒரு பக்கம் கல் படி. தண்ணீர் ஆறிப்போன டீயின் நிறத்தில் ஆடாமல் கிடந்தது. அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டினாள்.

தப். தப்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீருக்கடியில் ஒரு நிழல் நகர்ந்தது. படியோரம் ஒரு வட்ட வாய் மேலே வந்து திறந்து மூடியது.

"என்னங்க, மேனேஜர்! மேனேஜர் இருக்கு!" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது.

மேனேஜர் என்பது ஒரு கெண்டை. மாமனார் வைத்த பெயர். வரும், சுற்றிப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது, அடுத்தவன் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்பது அவர் சொன்ன காரணம். குஞ்சாக இருந்தபோது எதுவோ கடித்து, வாலின் மேல் நுனி முக்கோணமாகப் பிய்ந்து போயிருந்தது. அடியோடு போனதால் பிறகு வளரவேயில்லை. கலங்கிய தண்ணீரிலும் அந்த வாலை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மாமனார் தட்டினால் வரும். மகள் தட்டினால் வரும். தெருப் பிள்ளைகள் தட்டினால்கூட வரும். மாப்பிள்ளை படியில் கால் வைத்தால் மட்டும் திரும்பிப் போய்விடும். "மாப்பிள்ள, மேனேஜருக்கு ஆள் தரம் தெரியும்!" என்று மாமனார், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். மாப்பிள்ளையும் சிரிப்பான். சிரித்துச் சிரித்து அவனுக்குத் தாடை வலித்த நாட்கள் உண்டு.

இப்போதும் அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு படி இறங்கினான்.

மீன் திரும்பியது. நுனி பிய்ந்த வாலை ஒருதரம் காட்டிவிட்டுப் போய்விட்டது.

---

குளத்தைத் திரும்ப நடத்தலாம் என்ற யோசனை மனைவியுடையது. அப்பா வைத்திருந்த மாதிரியே புதுக் குஞ்சுகள் விட்டு, தீனி போட்டு வளர்க்கவேண்டும் என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டிருந்தாள். மாப்பிள்ளை உடனே மீன்குஞ்சு விற்கிறவரை வரவழைத்தான்.

குஞ்சுக்காரர் கரையைச் சுற்றி வந்து, மூங்கில் கழியால் தண்ணீரைக் கலக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது குளமில்ல மாப்பிள்ள, சத்திரம். யார் யாரோ வந்து தங்கியிருக்கான். விரால் இருக்கான், கெளுத்தி இருக்கான். இதுல குஞ்சு விட்டா, விட்ட மாதிரி இருக்காது. அவனுங்களுக்குப் பந்தி வெச்ச மாதிரி இருக்கும்."

"என்ன பண்ணணும்?"

"எல்லாரையும் காலி பண்ணணும். பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்துங்க, பொழுது சாயறதுக்குள்ள அம்புட்டும் மிதக்கும். அப்புறம் தண்ணி தெளியட்டும். சுண்ணாம்பு போட்டு, எரு போட்டு, தண்ணி பச்சையாத் திரும்புனதும் ஒரு ஃபோன் போடுங்க. குஞ்சோட வந்து நிக்கிறேன்."

மனைவி குறுக்கே வந்தாள். "மேனேஜர்?"

"அவரை முன்னாடியே வலை போட்டுப் பிடிச்சுத் தொட்டியில விட்டுருங்கம்மா. பெரிய மனுஷன். மரியாதையா வெளிய கூட்டிட்டு வந்துரணும்."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "எனக்கு லீவு கிடைக்காதுங்க. நீங்க பாத்துப்பீங்கல்ல?"

"நான் பாத்துக்கறேன்," என்றான்.

உலகத்தில் பாதி விபத்துகள் இப்படிச் சொல்லித்தான் தொடங்குகின்றன.

---

பவுடர் ஊற்றுவதாக இருந்த நாள் காலை அவள் வேலைக்குப் போகுமுன் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பிப் படியோரம் வைத்துவிட்டுப் போனாள். மீனைத் தூக்கி அதில் போட்டு, வீட்டுப் பக்கத்துச் சிமெண்ட் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளை வலையை வீசினான். வலை அவனைவிடத் தெளிவாக இருந்தது, வட்டமாக விரிய மறுத்தது. திரும்ப வீசினான். கட்டையில் மாட்டிக் கிழிந்தது. மேனேஜர் நடுக்குளத்தில் ஒருதரம் முதுகைக் காட்டிவிட்டு அமிழ்ந்தது. சேறு முழங்கால்வரை ஏறியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. பவுடரை ஊற்றினால் எல்லாம் தானாக மேலே வரப்போகிறது. மேனேஜரும் வரும். வந்ததும் அள்ளி நல்ல தண்ணீரில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். படித்தவன் யோசனை. கேட்கும்போது ஓட்டையே தெரியாது.

வாளியில் கரைத்து ஊற்றினான். மூக்கைக் குத்தும் வாடை கரை முழுக்க எழுந்தது. முதலில் பொடிமீன்கள் வந்தன, வெள்ளை வயிற்றோடு. பிறகு கெளுத்திகள். பிறகு விரால்கள் துள்ளின. ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான்.

அப்போது மேனேஜர் வந்தது.

நடுக்குளத்திலிருந்து நேராக, மெதுவாக, படிக்கு வந்தது. அவன் காலடிக்கு. வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திறந்தது, மூடியது, திறந்தது. குனிந்தால் கைக்கெட்டும். தொட்டி பக்கத்திலேயே இருந்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

ஒரு நிமிஷம்.

பேசி முடித்து ஃபோனைப் பையில் போட்டபோது படியோரம் பால்போல் வெளுத்த தண்ணீர் மட்டும் இருந்தது. சாயங்காலம் அது எதிர்மூலையில் மிதந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

கரையோரம் குழி தோண்டிப் புதைத்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். வாடை போகவில்லை. திரும்பக் கழுவினான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போனான்.

உயிர்மீன் விற்கிற கடையில் அதே அளவில் ஒரு கெண்டை இருந்தது.

"வெட்டித் தரவாண்ணே?"

"வேண்டாம். உயிரோட வேணும்."

"வளக்கவா?" கடைக்காரப் பையன் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தான். "குடுத்து வெச்ச மீனுண்ணே."

வால் முழுசாக இருந்தது. வீட்டில் நகம் வெட்டுகிற சின்னக் கத்தரி இருந்தது. ஈரத் துணியில் மீனைச் சுற்றி, மடியில் வைத்து, மேல் நுனியில் முக்கோணமாக வெட்டினான். மீன் துடித்தது. அடிவரை வெட்ட மனசு வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு மனசு இருந்த ஒரே இடம் அதுதான்.

மனைவி வந்து சிமெண்ட் தொட்டியோரம் உட்கார்ந்தாள். தண்ணீரைத் தட்டினாள். பட்டினியாக வந்த மீன் மேலே வந்து வாயைத் திறந்தது.

அவள் சிரித்தாள்.

சத்தமாக, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பா, பாத்தீங்களா? உங்க ஆள் தொட்டிக்கு மாறினதுக்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு," என்றாள். அன்று ராத்திரி இரண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவன் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தான். அந்த மீன் அவனைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தை அவள் கவனிக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று அவன் நினைக்காத நாளில்லை. ஆனால் அவளுடைய சிரிப்பு அவன் பொய்யின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. பொய்யை உருவினால் அதுவும் சேர்ந்து விழும்.

---

மீனின் வால் வளரும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் வெட்டிய இடத்தில் கண்ணாடிபோல ஒரு படலம் முளைத்தது. பிறகு அது தடித்தது. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, மாப்பிள்ளை கத்தரியோடு தொட்டிக்கு வந்தான். துணி, மடி, முக்கோணம். இனி இதுவும் வீட்டு வேலைகளில் ஒன்று என்று தெரிந்தது. கேஸ் புக் பண்ணுவது, குப்பை எடுத்து வைப்பது, வால் வெட்டுவது.

இதற்கிடையில் குளம் தயாரானது. வாடை போய், சுண்ணாம்பும் எருவும் போட்டு, தண்ணீர் இளம்பச்சையாகத் திரும்பியது. குஞ்சுக்காரர் காற்றடைத்த பாலிதீன் பைகளில் குஞ்சுகளோடு வந்தார். பைகளை அப்படியே குளத்தில் மிதக்கவிட்டு, "அவசரப்படாதீங்க. உள்ள இருக்கிற சூடும் வெளிய இருக்கிற சூடும் ஒண்ணாகட்டும். புது மருமகளை வாசல்ல கொஞ்ச நேரம் நிக்க வைக்கிற மாதிரி," என்றார். பிறகு பைகளின் வாயைத் திறந்துவிட்டார். விரல் நீளக் குஞ்சுகள் ஊசி ஊசியாகப் பச்சைக்குள் மறைந்தன. மனைவி கைதட்டினாள். தவிடும் புண்ணாக்கும் பிசைந்து தினம் காலையில் அவளே போட்டாள்.

சாயங்காலங்களில் தொட்டியோரம் உட்கார்ந்து மேனேஜரிடம் பேசுவாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்ததையெல்லாம் சொல்கிறாள் என்று மாப்பிள்ளை புரிந்துகொண்டு தள்ளியே இருந்தான். பேச்சுக்கு நடுவே இடைவெளிகள் வரும். அவள் தலையாட்டுவாள். பிறகு தொடர்வாள்.

சத்தம் முதலில் மாடிக்கு வந்தது.

மத்தியானம். ஆபீஸ் மீட்டிங். யாரோ ஒருவர் படம் போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார்.

"யார் வீட்லயாவது துணி துவைக்கிறாங்களா? தப் தப்னு கேக்குது."

"ஆமா, தண்ணில தட்டுற சத்தம். யாருப்பா அது, மியூட் போடுங்க," என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான்.

அவன் மியூட்டில்தான் இருந்தான்.

ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். வெயிலில் குளம் கண்ணாடியாகக் கிடந்தது. படியோரம் மட்டும் ஒரு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க அது கரையைத் தொட்டு அடங்கியது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள்.

தெருப் பிள்ளைகள் கல் எறிந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டான். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டான். பிறகு, அவனுக்கு எப்போது ஃபோன் வந்தாலும், பேசத் தொடங்கியதும் கீழே தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. ஃபோனை வைத்ததும் நின்றது. கூப்பிட்டும் கவனிக்காத பெரியவர்களின் தோளைப் பிள்ளை தட்டுமே, அந்த மாதிரி. கோபமில்லாமல். விடாமல்.

வாடையும் திரும்பி வந்தது. குளத்தில் இல்லை. சோற்றில், தலையணையில், அவன் உள்ளங்கையில். "உனக்கு பிளீச்சிங் வாடை அடிக்குதா?" என்று மனைவியிடம் கேட்டான். அவள் அவன் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதாங்க. ஏன் இப்படிக் கழுவிக்கிட்டே இருக்கீங்க? தோலே உரிஞ்சிடுச்சு."

அடுத்த தடவை வால் வெட்டப் போனபோது அவன் துணியை விரிக்கவேண்டியிருக்கவில்லை.

மீன் விளிம்போரம் வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாலைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டி நின்றது.

முடி வெட்டுகிற கடையில் கழுத்தைக் குனிந்து கொடுக்கிறவர் மாதிரி.

அவன் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பட்டப்பகல். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கொண்டிருந்தார்கள்.

---

குஞ்சுகள் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்க்கக் குஞ்சுக்காரர் வலையோடு வந்தார். ஒரே வீச்சில் வலை வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்தார். உள்ளே வெள்ளியாகத் துள்ளியது.

"அட அட அட! தீனியில என்ன, நெய்யா ஊத்துறீங்க மாப்பிள்ள? சும்மா மொழுமொழுன்னு இருக்கு." ஒன்றை எடுத்துத் திருப்பினார். "இது என்ன, வால்ல கடி?"

இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்றை. அவர் பேச்சு நின்றது. அந்த மனிதர் பேச்சை நிறுத்தி மாப்பிள்ளை அதற்குமுன் பார்த்ததில்லை.

"அடிபட்டிருக்கும்," என்றான் மாப்பிள்ளை.

"அடிபட்டா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி படும்." இரண்டு குஞ்சுகளின் வாலை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பிடித்தார். மேல் நுனியில் முக்கோணம். கோட்டோடு கோடு பொருந்தியது. "இது ஒரே கத்தரி."

"ஏதாவது நோயா இருக்குமோ?"

"நோய்க்கு இவ்வளவு நிதானம் கிடையாது மாப்பிள்ள."

வலையிலிருந்த எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு எழுந்து, சிமெண்ட் தொட்டியைப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. குஞ்சுகளைத் திரும்பக் குளத்தில் கொட்டினார். "வர்றேன்," என்றார். கொடுத்த டீ பாதி அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து மாப்பிள்ளை கத்தரியைத் தொடவில்லை. வால் வளரட்டும், அவளே ஒருநாள் பார்க்கட்டும், உண்மை தன் காலால் நடந்து வரட்டும் என்று விட்டுவிட்டான். கோழைகள் ஒப்புக்கொள்கிற விதம் அது.

வால் வளரவில்லை.

ஒரு காலையில் குனிந்து பார்த்தான். முக்கோணம் ஆழமாகியிருந்தது. புதிதாக, சுத்தமாக வெட்டியிருந்தது.

அடிவரை.

மேஜை இழுப்பறையைத் திறந்தான். கத்தரி அதன் உறைக்குள்தான் இருந்தது. உறை ஈரமாக இருந்தது.

---

"குஞ்சுங்கதான் பெருசாயிடுச்சே. இந்த ஞாயித்துக்கிழமை மேனேஜரைக் குளத்துல விட்டுரலாங்க," என்றாள் மனைவி. "எத்தனை நாள்தான் தொட்டியிலயே கிடக்கும்? ஆபீஸ் ரூமுக்குள்ளயே அடைச்சு வெச்ச மாதிரி."

அவன் வேண்டாம் என்றான். ஏன் என்றாள். தண்ணீர் சேராது என்றான். குஞ்சுகளுக்குச் சேர்ந்ததே என்றாள்.

பொழுது இறங்குகிற நேரம். அவளே பிளாஸ்டிக் தொட்டியில் மீனை எடுத்து, இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தொட்டியைச் சாய்த்தாள். மீன் வழுக்கிப் போய்ப் பச்சைக்குள் மறைந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தட்டினாள்.

தப். தப்.

குளம் முழுக்கச் சலசலத்தது. குஞ்சுகள் எல்லாம் படியை நோக்கி வந்தன. வந்து, வரிசையாக, வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கின. திறந்தன, மூடின, திறந்தன.

"பாருங்க, பாருங்க! அப்பாகிட்ட வர்ற மாதிரியே!" அவள் குழந்தைபோலக் குதித்தாள்.

அவை அவளைப் பார்த்து நிற்கவில்லை.

அவள் படியின் இந்தக் கோடியில் இருந்தாள். அவன் அந்தக் கோடியில் நின்றான். அத்தனை வாய்களும் அவன் காலடியில் இருந்தன. பிளீச்சிங் வாடை குப்பென்று ஏறியது.

"என்னங்க."

அவள் குரல் மாறியிருந்தது.

"என்னங்க, ரெண்டு இருக்கு."

இடது பக்கத்திலிருந்து அவள் இப்போது விட்ட மீன் வந்துகொண்டிருந்தது. எதிர்மூலையிலிருந்து இன்னொன்று வந்தது. நேராக, மெதுவாக. அதே அளவு. அதே வால். குஞ்சுகள் விலகி அதற்கு வழிவிட்டன. அது மாப்பிள்ளையின் காலடிக்கு வந்து, வாயைத் தூக்கியது.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னான். வலை கிழிந்தது, பவுடர், மார்க்கெட், கத்தரி. நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருந்ததைச் சொன்னான். விரலைத் தூக்கிக் காட்டியதைக்கூடச் சொன்னான். "ஆபீஸ் ஃபோன்... பேசிட்டு எடுக்கலாம்னு..." என்றான். சொல்லச் சொல்ல அவனுக்கு மூச்சு இலகுவானது.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அது முதல்தரம் அவனைத் தேடி வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்தரம். அப்போது அவன் ஃபோனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே குனிந்து, மெல்லிய குரலில் கேட்டான்: "இப்ப மட்டும் நான் கண்ணுக்குத் தெரியறேனா?" அதற்குப் பிறகுதான் விரலைத் தூக்கினான். ஃபோனில் இருந்தவர் ஒரு முக்கியமும் இல்லாத ஆள். வைத்துவிட்டுக் குனிந்திருக்கலாம். அவன் வைக்கவில்லை.

அதை மனைவியிடம் சொல்ல முடியாது. மறதி என்றால் மன்னிப்பாள். இதற்கு என்ன பெயர் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் அழவில்லை. கத்தவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் இவ்வளவு நாளா தொட்டிகிட்ட உக்காந்து யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?"

"அது... மார்க்கெட்ல வாங்குன மீனுடா. என்னை மன்னிச்சிடு."

"இல்லங்க," என்றாள் மெதுவாக. "எனக்குப் பதில் வந்துச்சே."

---

மறுநாள் அவன் ஆள் வைத்துக் குளம் முழுக்க வலை இழுத்துப் பார்த்தான். குஞ்சுகள் வந்தன. மார்க்கெட் கெண்டை வந்தது. வேறு பெரிய மீன் எதுவும் இல்லை. புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க மண்வெட்டியோடு போனான். பாதி வழியில் திரும்பிவிட்டான். இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம் என்றால் தோண்டி என்ன ஆகப்போகிறது?

அதன்பிறகு வீடு அமைதியானது. தட்டுகிற சத்தம் இல்லை. வாடை இல்லை. கையில் தோல் வளர்ந்தது. மனைவி அவனோடு சண்டை போடவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோபித்துக்கொண்டால்கூட நன்றாயிருக்கும் என்று அவன் ஏங்கினான். சாயங்காலமானால் படிக்குப் போய்விடுவாள். அவன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பான். பேசுவாள். நிறுத்துவாள். தலையாட்டுவாள். சில சமயம் சிரிப்பாள். முன்பு தொட்டியோரம் சிரித்த அதே சிரிப்பு. அது விழவில்லை. அவன் பயந்ததுபோல எதுவும் விழவில்லை. அவன் இல்லாமலே அது நின்றது.

சொன்னவரைக்கும் போதும், மிச்சம் தனக்குள் மக்கிப்போகட்டும் என்று அவன் முடிவு செய்திருந்த ஒரு சாயங்காலம், அவள் படியிலிருந்து அவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு போனான். படியில் கால் வைத்தான். தண்ணீருக்குள் எதுவும் திரும்பிப் போகவில்லை.

"உக்காருங்க."

பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முகத்தில் கோபமில்லை. கணக்கில் எங்கோ இடிக்கிற ஒன்றைச் சரிபார்க்கிறவளைப் போல நெற்றியைச் சுருக்கியிருந்தாள்.

"அன்னிக்கு ஃபோன் பேசிட்டிருக்கும்போது நடுவுல குனிஞ்சு, அதுகிட்ட ஏதோ சொன்னீங்களாமே?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"என்ன சொன்னீங்கன்னு உங்க வாயால கேக்கணுமாம்."

படியோரம் பச்சைத் தண்ணீருக்குமேல் எல்லா மீன்களும் வந்து வரிசையாக நின்றிருந்தன. முன்வரிசையில் பெரியது இரண்டு. இந்தமுறை ஒன்றும் வாயைத் திறக்கவில்லை. அத்தனையும் மூடிக்கொண்டு, அசையாமல், அவன் பேசுவதற்காகக் காத்திருந்தன.